கூரை நீருக்கு ஓர் ஒழுங்கு

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அவ்வைப்பு முறையின் நயத்தை வகுப்பறையில் எடுத்துரைக்கும்போது மாணாக்கர் ஒருவரிருவரேனும் சாளரத்துக்கு வெளியே நோக்குவதுண்டு. ஐப்பசி கார்த்திகையில் அவ்வாறு நோக்குபவர் காண்பது யாது? பள்ளிக் கூரையிலிருந்து அருவிபோல் இறங்கும் நீர் முற்றத்தைக் கலக்கி, வாயிலைக் கடந்து, வீதியில் முழங்காலளவு நின்று, வாய்க்கால் வழியே கடலைச் சேர்கின்றது. அதே மாணாக்கர் சித்திரையிலும் ஆனியிலும் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டு வருகின்றனர். அந்நீரிற் பெரும்பங்கு விலைகொடுத்து வாங்கியது. கார்த்திகையில் வேண்டாவென்று விட்டதை ஆனியிற் காசு கொடுத்து வாங்குகின்றோம். இந்நிலையை மாற்றுதற்குச் சட்டம் வேண்டுமா, சலுகை வேண்டுமா, இரண்டும் வேண்டுமாயின் எம்முறையில் வேண்டும் என்பதே இக்கட்டுரையிற் கூற எடுத்துக்கொண்ட பொருளாம்.

யாம் பொறியியல் கற்றவரல்லோம். பயிற்சிக் கலாசாலையிற் பயின்று தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். எனினும் தண்ணீரைப் பற்றிப் பேசுதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. வீட்டில் ஒரு கிணறு இருந்தாற் போதும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரியில் மாத்திரம் ஓடுவது. நமக்கு நீர் தருவது நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கற் பாறையே. மழைநீர் அப்பாறையின் வெடிப்புக்களிலும் குடைவுகளிலும் இறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. மேலுள்ள நன்னீரை அளவின்றி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலெழும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. நீரிறைக்கும் யந்திரமோ களைப்பதில்லை.

உவர் ஒன்றே இன்று நம்மை வருத்துவதன்று. தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்தும், நெருங்கிய குடியிருப்புக்களின் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று என்னும் பொருள் நிலத்தடி நீரிற் கலந்து வருவதை ஆராய்ச்சியாளர் பல காலமாக எடுத்துரைத்து வருகின்றனர். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஆம் ஆண்டில் தீர்ப்பும் பெற்றது. பாறை வெடிப்புள்ளதாதலின், நன்னீர் எவ்வளவு விரைவாக அதனுள் இறங்குகின்றதோ அவ்வளவு விரைவாக நஞ்சும் இறங்கும். ஒருவர் வளவில் ஊற்றியது மற்றொருவர் வாளியில் வரும். ஆகவே வானத்திலிருந்து நேரே வரும் நீரை நிலத்தைத் தொடுமுன் ஏந்திக்கொள்வது நமக்குப் பொழுதுபோக்கன்று. நாளை இவ்வூரிற் குடியிருத்தல் கூடுமா என்னும் வினாவோடு சேர்ந்த காரியமாகும்.

கணக்கொன்று பார்ப்போம். ஒரு சதுர மீற்றர்ப் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீராகும். குடாநாட்டின் மழை ஆண்டொன்றிற்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்து முடிகின்றது. எனவே 100 சதுர மீற்றர்க் கூரையின்மேல் ஆண்டுதோறும் 1,20,000 லீற்றர் விழுகின்றது. சிதறுவதும் ஆவியாவதும் போக, ஐந்தில் நான்கு பங்கு கைக்கு எட்டுமெனக் கொண்டாலும் 96,000 லீற்றர் ஆகும். ஐவர் கொண்ட குடும்பமொன்று குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றிற்கு 50 லீற்றர் கொள்ளுமாயின், மாசி முதல் புரட்டாதி வரையுள்ள 240 நாட்களுக்கு 12,000 லீற்றர் போதும். கைக்கு எட்டுவதில் எட்டிலொரு பங்கே நமக்கு வேண்டியது. எஞ்சியதைக் கிணற்றடி நிலத்துக்கே திருப்பிக் கொடுக்கலாம். இல்லாமையால் வாடுகின்றோமெனக் கூற இடமில்லை, ஏந்தாமையால் வாடுகின்றோம்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். நாற்சார் வீடுகளின் தாழ்வாரத்திற் பீலி பொருத்தி, அதன் வாயில் அண்டாவும் கிடாரமும் வைத்து நீர் ஏந்தியமையை யாம் சிறுவயதிற் கண்டிருக்கின்றோம். முதல் மழை கூரை கழுவுதற்கு, அடுத்த மழை குடம் நிரப்புதற்கு என்பார் எம் அம்மம்மா. அந்த ஒரு சொல்லில் இன்றைய கைந்நூல்கள் கூறும் முதல்நீர் கழித்தல் முழுவதும் அடங்கிவிடுகின்றது. காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டிருத்தலை யாவரும் அறிவர். பங்குடையவன் இறைக்கும் முறைக்கு உரியவன். கிணறு சேறெடுக்கும் நாளில் அவன் ஆளும் வரவேண்டும். வேலைக்கு வாராதவனை ஊர் கேட்கும். உரிமையையும் கடமையையும் ஒரே முடிச்சிற் கட்டிய அவ்வழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு இக்காலச் சட்டங்களை நோக்குவோம்.

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. மழைநீர் பற்றிய தேசியக் கொள்கை 2005 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தைத் திருத்தி, கட்டடங்களில் மழைநீர் சேகரித்தலுக்கு இடஞ்செய்தது. அதன்கீழ் ஒழுங்குவிதிகள் 2009 ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வெளிவந்தன. இவை நல்ல முயற்சிகளே. ஆயின் இவ்விதியின் கண் எங்கே திறக்கின்றது, எங்கே மூடுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். கட்டட வரைபடத்துக்கு அனுமதி கேட்கும் நாளிலும், கட்டி முடிந்தபின் சான்றிதழ் கேட்கும் நாளிலும் அது திறக்கின்றது. அதற்கப்பால் மழை பெய்யும் எந்நாளிலும் அது திறப்பதாகத் தெரியவில்லை. எமது நண்பரொருவர் வீட்டில் வரைபடத்திற் காட்டியவாறே குழாய் உண்டு. கூரையிலிருந்து இறங்கி, மதிலோரமாகச் சென்று, அங்கே முடிந்துவிடுகின்றது. எங்கே போகின்றது என்று வினவினோம். “சான்றிதழுக்குப் போனது” என்றார்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். அங்கே 2003 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. புதிய கட்டடங்களுக்கு மாத்திரமன்றிப் பழையனவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்புக் கட்டாயமாயிற்று. முதலிற் குறித்த தவணை அவ்வாண்டு ஓகஸ்ட் 31. அமைக்கத் தவறுவோருக்கு உள்ளூராட்சி மன்றமே அமைத்துக் கொடுத்துச் செலவை வரிபோல் அறவிடலாம். தண்ணீர் இணைப்பையும் துண்டிக்கலாம். அச்சம் வேலை செய்தது. சில மாதங்களிற் சென்னை நகரெங்கும் குழாயும் குழியும் தோன்றின. நிலத்தடி நீர் உயர்ந்ததும் உண்மை. ஆயினும் 2019 ஆம் ஆண்டு கோடையில் அந்நகருக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகள் ஏறத்தாழ வற்றியபோது, பல வீடுகளிற் பழைய குழிகள் மண் அடைந்து கிடந்தமை தெரியவந்தது. 2003 இல் வந்த அதிகாரி 2004 இல் வரவில்லை. 2005 இலும் வரவில்லை. அச்சம் கட்டுவித்தது, துப்புரவு செய்விக்க அச்சத்தால் இயலவில்லை.

அப்படியாயின் சலுகை ஒன்றே போதுமோ எனின், அதற்கும் நம் நாட்டிலேயே விடை உண்டு. 1995 ஆம் ஆண்டு தொடங்கிச் சமுதாய நீர்வழங்கல் திட்டத்தின்கீழ்ப் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் மானியம் கொடுத்து 5,000 லீற்றர் கொள்ளும் தாங்கிகள் பல வீடுகளிற் கட்டப்பட்டன. மலைச்சரிவில் நெடுந்தூரம் இறங்கித் தண்ணீர் சுமந்த பெண்களுக்கு அவை பேருதவியாயின. எனினும் பலர் அந்நீரைக் குடிக்கத் தயங்கி, பிற தேவைகளுக்கே பயன்படுத்தினர். தாங்கி கொடுத்தல் எளிது. நம்பிக்கை கொடுத்தல் அரிது.

பிறரைக் குறை கூறுவானேன்? எமது குற்றத்தையே கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் உதவித் திட்டம் ஒன்றின்கீழ் எமது வளவிலும் ஒரு சீமெந்துத் தாங்கி எழுந்தது. கொள்ளளவு 5,000 லீற்றர். திறப்பு நாளிற் படம் பிடித்தார்கள்; தாங்கியில் இலக்கமும் எழுதினார்கள். முதல் மாரியில் நிரம்பியது. அவ்வாண்டு வைகாசி வரை அந்நீரிலேயே தேநீர் அருந்தினோம். அதன் சுவையை இன்றும் மறந்திலோம். இரண்டாம் ஆண்டு பீலியில் வேப்பஞ் சருகு அடைத்தது. நாளைக்கு ஏறித் துடைக்கலாம் என்றிருந்தோம். மூன்றாம் ஆண்டு குழாய் கழன்றது. இன்று அத்தாங்கியினுள் இருப்பவை விறகும் பொச்சும். இடையில் ஒருவரேனும் வந்து, தண்ணீர் உண்டா என்று கேட்டிலர். பணம் தந்தவர் தாங்கியை எண்ணினர், தண்ணீரை எண்ணிலர். யாமும் எண்ணிலோம். வகுப்பில் வான்சிறப்பை விரித்துரைத்துவிட்டு வீடு திரும்பி அவ்விறகை எடுக்கும்போது எமக்கே நாணம் பிறக்கின்றது.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. மழைநீரைச் சேர்க்குமாறு பணித்த அதே 2007 ஆம் ஆண்டில், நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 11 ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. டெங்குக் காய்ச்சலால் உயிர்கள் மாளும் நாட்டில் அச்சட்டம் மிக வேண்டியதே. ஆயின் குடிமகனுக்கு இரண்டும் எவ்வாறு தோன்றுகின்றன? ஒரு கையால் நீரைத் தேக்கு என்கின்றனர். மறு கையால் தேங்கிய நீருக்கு வழக்குப் போடுகின்றனர். எம் அயலார் ஒருவர் வழக்குக்கு அஞ்சிப் பீலியையே கழற்றி எறிந்துவிட்டார். வாய்க்கு இறுகிய மூடியும், குழாய்முனைக்கு நுண்வலையும், பீலிக்குச் சரியான சரிவும் இருப்பின் இரண்டு சட்டங்களும் ஒருங்கே நிறைவேறும். இதைச் சொல்லிக் கொடுப்பாரில்லாமையே குறை.

விதி வென்ற இடமும் உலகில் உண்டு. அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே பெர்முடா என்றொரு சிறு தீவுக் கூட்டம் இருக்கின்றது. நம் குடாநாட்டைப் போலவே சுண்ணக்கல் நிலம், ஆறில்லை. அங்கே 1951 ஆம் ஆண்டின் நீர்ச் சேமிப்பு ஒழுங்குவிதிகளின்படி, கூரையில் ஐந்தில் நான்கு பங்கு நீரேந்த வேண்டும். ஏந்தும் பரப்பில் ஒவ்வொரு பத்துச் சதுர அடிக்கும் 100 கலன் கொள்ளும் தாங்கி வீட்டின்கீழ் அமைதல் வேண்டும். படிப்படியாய் அமைந்து, வெண்சுண்ணம் தீட்டிய கூரைகளே அந்நாட்டின் அழகாய் விட்டன. அவ்விதி வேரூன்றியதற்குக் காரணம் தண்டனையின் கடுமை என்று யாம் கருதவில்லை. கூரை அழுக்கானால் வீட்டுக்காரன் அன்று மாலையே அறிவான். அவன் குடிக்கும் நீர் அதுவேயாதலின். பயன் நாள்தோறும் கண்முன் நிற்குமிடத்திற் பரிசோதகர் வேண்டியதில்லை. அவ்வாறு நில்லாத நம் ஊரிற் சலுகையானது அப்பயனை ஆண்டுதோறும் நினைவூட்டும் மணியாக அமைதல் வேண்டும்.

ஆகவே எமது கருத்து இதுவே: கட்டியதற்காகக் கொடுப்பதை விட்டு, நீர் நின்றதற்காகக் கொடுக்க வேண்டும். அதனையும் ஒருமுறை கொடுத்து நிறுத்தாது ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். இதனை நடைமுறைப்படுத்தச் சில வழிகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, மாரி முடிந்து தை பிறந்தவுடன் மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ தன் அலுவலரை வீடுகளுக்கு அனுப்புக. அவர் பார்க்க வேண்டியவை மூன்றே: பீலி துப்புரவாக உள்ளதா, தாங்கியின் வாய் மூடப்பட்டுள்ளதா, உள்ளே நீர் உண்டா. நிலத்துக்கு நீர் இறக்கும் வீடாயின் குழி உறிஞ்சுகின்றதா என்று பார்க்கலாம். மூன்றும் சரியாயின் அவ்வாண்டுச் சோலைவரியில் ஒரு பங்கைக் குறைத்துவிடுக. நூற்றுக்குப் பத்து என்று வைத்தாலும் நம்மவர் ஏணி தேடுவர் என்பதில் ஐயமில்லை. ஜேர்மன் நகரங்களில், வளவில் நீர் இறங்காதவாறு மூடிய பரப்புக்கு ஏற்ப மழைநீர்க் கட்டணம் அறவிடுகின்றனர்; தன் வளவிலேயே நீரை இறக்குபவனுக்குக் கட்டணம் குறைகின்றது. வளவு முழுவதும் கொங்கிறீற்றும் கல்லும் பதிக்கும் புதுமை பரவிவரும் நம் நகரத்துக்கு இவ்வொழுங்கு பெரிதும் பொருந்தும்.

இரண்டாவது, வரி செலுத்தும் வசதியற்ற ஏழை வீடுகளுக்கு மானியம் வேண்டும். அதை இரு கூறாக்கி, ஒரு கூற்றைக் கட்டும்போதும், மறு கூற்றை இரண்டாம் மாரிக்குப் பின் நீர் கண்டும் கொடுக்க வேண்டும். அவ்வாறு செய்திருப்பின் எமது தாங்கியில் விறகு புகுந்திராது.

மூன்றாவது, எல்லா இடத்துக்கும் ஒரே அமைப்பை விதித்தல் ஆகாது. கிணறு உவர்த்த தீவகத்துக்குக் குடிநீர்த் தாங்கி வேண்டும். செம்மண் பரந்த வலிகாமத்திலோ வடிகட்டிய கூரை நீரைக் கிணற்றுக்கோ அதன் அயலிலுள்ள குழிக்கோ இறக்குதல் தகும். அங்ஙனம் இறக்குமிடத்து மணலும் கரியும் பரலும் இட்ட வடிகட்டி இன்றியமையாதது. மலசலகூடக் குழிக்கு அணித்தாக இறக்குதல் கூடவே கூடாது. விதி நோக்கத்தைச் சொல்லட்டும். வழியை நிலம் சொல்லட்டும்.

நான்காவது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மழைநீர் பார்ப்பவரும் ஒரே நாளில், ஒரே படிவத்தோடு வருதல் வேண்டும். அப்போது குடிமகனுக்கு அரசாங்கம் இரண்டு வாயால் பேசாது.

ஐந்தாவது, பெருங்கூரைகள் முதலில் வழிகாட்டல் வேண்டும். பாடசாலைகள், கந்தோர்கள், கோயில் மண்டபங்கள் ஆகியவற்றின் நீர் வீதிக்கு ஓடும்போது குடிசைக்காரனுக்கு விதி கற்பிப்பது அறமாகாது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று போற்றும் சைவ மக்கள், மண்டபக் கூரையின் நீரைக் கோயிற் கேணிக்குத் திருப்புதல் திருப்பணியன்றி வேறென்ன?

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதே, குழாயில் நீர் வரும்போது கூரையை நோக்குவானேன் என்பர். அந்நிலையத்தை யாமும் வரவேற்கின்றோம். உவரால் நலிந்த ஊர்களுக்கு அது பெருங்கொடை. ஆயின் கடல்நீரை நன்னீராக்குதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். கூரை நீரைக் கதிரவன் கட்டணமின்றி வடித்துத் தருகின்றான். அன்றியும் குழாய் நீர் வந்ததென்று கிணற்றைக் கைவிடுவோமாயின், அதில் என்ன கலந்தாலும் கேட்பாரிலராவர். வரியைக் குறைத்தாற் சபையின் வருவாய் குன்றுமே என்பார்க்கு ஒன்று கூறுவோம்: வெள்ளத்தால் உடையும் வீதியைத் திருத்துவதும், கோடையில் வண்டியிற் குடிநீர் கொண்டு சென்று கொடுப்பதும் அதே சபையின் செலவேயன்றோ? இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்ப்பாராக.

மழைநீர் குடித்தற்கு உகந்ததோ என்று ஐயுறுவார்க்கு ஒரு நினைவைச் சொல்லி அமைகின்றோம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து நாவற்குழிப் பாதையில் அடிமேலடி வைத்து நகர்ந்தபோது மழை பெய்தது. யாம் அன்று பள்ளி மாணவர். தாகத்தால் அழுத குழந்தைகளுக்குத் தாய்மார் குடையை மலர்த்திப் பிடித்து நீர் ஏந்திக் கொடுத்தனர். எமது தந்தையாரும் அவ்வாறே ஏந்தித் தந்தார். எண்ணிறந்த கிணறுகளைப் பின்னே விட்டு வந்த மக்களுக்கு அன்றிரவு வானமே கிணறாயிற்று. அந்நீரை அருந்தியவர் இன்றும் நம்மிடையே பலர் உளர். நன்கு பேணிய கூரையிலிருந்து, முதல்நீர் கழித்து, மூடிய தாங்கியிற் சேர்த்து, கொதிக்க வைத்து அருந்தும் நீரை அவர்கள் வெறுப்பரோ?

இக்கல்லூரியின் பழைய மாணவர் உலகின் பல திசைகளிலும் சிறந்து விளங்குகின்றனர். விழாக் காலங்களில் வளைவும் சிலையும் அமைத்து மகிழ்கின்றோம். அவை வேண்டா என்று யாம் கூறவில்லை. ஆயின் நாம் படித்த வகுப்பறைகளின் கூரை எத்துணை அகலமானது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டுகின்றோம். அக்கூரையின் நீரை ஏந்த ஒரு தாங்கியும், எஞ்சியதை இறக்க ஒரு குழியும் அமைப்போமாயின் இவ்விழாவின் நினைவு ஆண்டுதோறும் கார்த்திகையிற் புதுப்பிக்கப்படும். அதனைக் கட்டும் நாளிற் பெருவிழா வேண்டாம். ஆண்டுதோறும் ஆவணியிற் பீலி துடைக்கும் முறையை ஒவ்வொரு வகுப்புக்கும் பங்கிட்டுக் கொடுப்போம். கிணற்றுப் பங்கு வைத்திருந்த நம் பாட்டனார் அம்முறையை அறிவர். அச்சிறுவர் வளர்ந்து சபைகளில் உறுப்பினராகும்போது, நாம் இன்று வேண்டும் விதியை அவர்களே இயற்றுவர்.

எம்மைப் பொறுத்தவரையில், இக்கட்டுரை அச்சேறுமுன் விறகை வெளியே எடுத்துவிட்டோம். ஏணியும் இரவல் வாங்கியாயிற்று. வரும் மாரியை எதிர்பார்த்திருக்கின்றோம்.